அயனிப் பரிமாற்றம்: மண்ணிலிருந்து செல் வரை

அயனிப் பரிமாற்றம் என்பது ஒரு பொருளில் தங்கியிருக்கும் மின்சுமை கொண்ட துகள்கள், அதைச் சுற்றியுள்ள கரைசலில் இருக்கும் அதே வகை மின்சுமை கொண்ட வேறு துகள்களுக்கு இடம்விட்டு வெளியேறுவதாகும். உள்ளே வரும் மின்சுமையும் வெளியே போகும் மின்சுமையும் சமமாக இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை விதி. களிமண் உரத்தைப் பிடித்துவைப்பதும், கடின நீர் மென்னீராவதும் இந்த விதியின்படியே நடக்கின்றன. நம் உடலிலுள்ள செல்கள் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்போதும் இதே மின்சுமைக் கணக்கைச் சரிக்கட்டியாக வேண்டும்.

மண்ணியலாளர், வேதியியலாளர், உடலியங்கியல் அறிஞர் ஆகியோர் பெரும்பாலும் ஒருவர் வேலையை மற்றவர் அறியாமலேயே இந்தத் துறையை வளர்த்தார்கள். மண்ணில் இது கண்டறியப்பட்டது 1845-இல். செல்லில் இதை நடத்தும் மூலக்கூறு அடையாளம் காணப்பட்டது 1957-இல். இடைப்பட்ட நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளின் கதையையும், அதன் பின் மருத்துவத்தில் கிடைத்த பயனையும் இக்கட்டுரை கூறுகிறது.

எருவிலிருந்து தொடங்கிய ஆய்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து உழவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. தொழுவத்து எருவிலும் மாட்டுக் கோமியத்திலும் உள்ள அம்மோனியா பயிருக்கு உரம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அம்மோனியா உப்புகள் தண்ணீரில் எளிதில் கரைபவை. அப்படியானால் ஒரு பெருமழை பெய்தால் அவ்வளவும் நிலத்தடிக்கு ஓடிவிடாதா?

யார்க்‌ஷயர் பகுதியின் நிலவுடைமையாளரான எச். எஸ். தாம்சன் 1845-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். யார்க் நகரின் மருந்து வணிகரான ஜோசப் ஸ்பென்ஸ் அவருக்கு உதவினார். மண் நிரப்பிய ஒரு குழாயில் அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை ஊற்றி, அடியில் வடிந்த நீரைச் சேகரித்துப் பகுத்தாய்ந்தார்கள். வடிந்த நீரில் அம்மோனியா மிகக் குறைவாகவே இருந்தது. அதற்குப் பதிலாகக் கால்சியம் சல்பேட்டு, அதாவது ஜிப்சம், நிறைய இருந்தது. மண் அம்மோனியாவை வாங்கிக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்திருந்தது.

தாம்சன் இந்த முடிவை இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் ஆலோசனை வேதியியலாளரான ஜான் தாமஸ் வே என்பவரிடம் தெரிவித்தார். வே இதை விரிவாக ஆராய்ந்து 1850-லும் 1852-லும் கட்டுரைகள் வெளியிட்டார். தாம்சனின் கட்டுரையும் 1850-இல் வெளிவந்தது. வே கண்ட முடிவுகளில் முக்கியமானவை இவை:

உப்பின் ஒரு பகுதி மட்டுமே மண்ணில் தங்குகிறது. அம்மோனியம், பொட்டாசியம் போன்றவை பிடிபடுகின்றன. குளோரைடு, நைட்ரேட்டு, சல்பேட்டு ஆகியவை மண்ணைக் கடந்து போய்விடுகின்றன.

உள்ளே போன அளவுக்குச் சமமான வேதியியல் அளவில் கால்சியம் வெளியே வருகிறது.

இந்த வேலையைச் செய்வது மணலன்று, களிமண்ணே.

இது மிக விரைவாக நடக்கிறது. களிமண்ணைச் சுட்டால் இந்த ஆற்றல் பெரிதும் குறைகிறது.

இவற்றில் முதல் முடிவு இன்றும் உழவருக்குப் பொருந்துவது. யூரியா இட்ட வயலில் அது அம்மோனியமாக இருக்கும் வரை மண் பிடித்துவைத்திருக்கும். நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிய பின், பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட்டு நீரோடு இறங்கிக் கிணற்று நீரைக் கெடுக்கும்.

வேயின் விளக்கத்தை அக்காலத்தின் பெரும் வேதியியலாளரான யுஸ்டுஸ் ஃபான் லீபிக் ஏற்கவில்லை. மரக்கரி நிறப்பொருளை ஈர்ப்பதுபோல் மண்ணும் தன் மேற்பரப்பில் உப்பை ஈர்த்துக்கொள்கிறது, அவ்வளவே என்பது அவர் கருத்து. வேயிடமும் ஒரு பிழை இருந்தது. இந்த மாற்றம் ஒருவழிப்பட்டது, திரும்பாது என்று அவர் நம்பினார். 1858-இல் ஐக்கார்ன் என்னும் ஜெர்மானியர் ஜியோலைட்டு எனப்படும் கனிமங்களைக் கொண்டு அந்தப் பிழையைத் திருத்தினார். ஜியோலைட்டின் மீது சோடியம் உப்பு நீரைப் பாய்ச்சினால் கால்சியம் வெளிவரும். அதன் மீதே கால்சியம் உப்பு நீரைப் பாய்ச்சினால் சோடியம் வெளிவரும். எது கரைசலில் மிகுதியோ அது உள்ளே போகும்.

நம் ஊரில் களர் நிலத்தைத் திருத்த ஜிப்சம் இடுவது இந்த இருவழித் தன்மையால்தான் பயன் தருகிறது. களர் மண்ணில் களிமண்ணோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, வெளியேறிய சோடியத்தை நல்ல நீர் பாய்ச்சி வடித்துவிடலாம். தாம்சனின் குழாயில் ஜிப்சமாக வெளியே வந்த அதே கால்சியம், இங்கு ஜிப்சமாக உள்ளே போகிறது.

பெயர் பின்னர் வந்தது

தாம்சனும் வேயும் அயனி என்ற சொல்லை இப்பொருளில் பயன்படுத்தவில்லை. மைக்கேல் ஃபாரடே 1834-இல் அந்தச் சொல்லை உருவாக்கியிருந்தார். ஆனால் மின்சாரம் பாய்ச்சும்போது மின்வாய்களை நோக்கி நகரும் பொருள்களுக்கே அவர் அப்பெயரிட்டார். சாதாரண உப்பு நீரிலேயே, மின்சாரம் பாய்ச்சாத நிலையிலும், உப்பு நேர்மின் அயனியாகவும் எதிர்மின் அயனியாகவும் பிரிந்து கிடக்கிறது என்பதை யாரும் எண்ணவில்லை.

அந்தக் கருத்தை முன்வைத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரீனியஸ். 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குக் கிடைத்தது தாழ்ந்த தர மதிப்பீடே. ஆனால் அதிலிருந்து வளர்ந்த கொள்கைக்கே 1903-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதன் பிறகுதான் வேயின் முடிவுகளுக்கு முழுப் பொருள் விளங்கியது. மண் பிடித்தது நேர்மின் அயனிகளை, விட்டுவிட்டது எதிர்மின் அயனிகளை. அப்படியானால் களிமண்ணே எதிர் மின்சுமை கொண்டதாக இருக்க வேண்டும்.

அந்த மின்சுமை எங்கிருந்து வந்தது என்பதை எக்ஸ்-கதிர் ஆய்வுகள் காட்டின. 1930-இல் லைனஸ் பாலிங் மைக்கா கனிமத்தின் படிக அமைப்பை வெளியிட்டார். அதே ஆண்டில் ஹெண்ட்ரிக்ஸ், ஃப்ரை ஆகியோர் களிமண்ணும் படிக வடிவம் கொண்டதே என்று காட்டினர். களிமண் மெல்லிய ஏடுகளால் ஆனது. அந்த ஏட்டில் நான்கு நேர் மின்சுமை கொண்ட சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் சில வேளைகளில் மூன்று மின்சுமை கொண்ட அலுமினியம் அமர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு நேர் மின்சுமை குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய ஏடுகளுக்கிடையே கால்சியம், பொட்டாசியம், சோடியம் போன்றவை தளர்வாக ஒட்டிக்கொள்கின்றன. தளர்வாக இருப்பதால் அவை இடம் மாறுகின்றன.

இத்தகைய குறைகள் மிகுந்த மாண்ட்மோரில்லோனைட்டு வகைக் களிமண் கரிசல் மண்ணில் நிறைய உண்டு. செம்மண்ணில் மிகுதியாகக் காணப்படும் கயோலினைட்டு வகையில் அவை குறைவு. கரிசல் மண் சத்துகளை நன்கு பிடித்துவைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆய்வகத்தில் செய்த மண்

பெர்லினில் பிரஷ்ய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் கான்ஸ், 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செயற்கையாகச் சோடியம் அலுமினோ சிலிக்கேட்டைத் தயாரித்து நீரை மென்மையாக்கப் பயன்படுத்தினார். அது பெர்மூட்டிட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் இருப்பதால் சோப்பு நுரைக்காது, கொதிகலன்களில் உப்புப் படியும். பெர்மூட்டிட் வழியே நீரைச் செலுத்தினால் அவை உள்ளே தங்கிச் சோடியம் வெளிவரும். பொருளின் ஆற்றல் தீர்ந்ததும் அடர்ந்த சமையல் உப்புக் கரைசலைப் பாய்ச்சினால் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஐக்கார்ன் கண்ட இருவழித் தன்மை இங்கே தொழில்நுட்பமாயிற்று.

ஆனால் இந்தக் கனிமப் பொருள்கள் அமிலத்தில் சிதைந்துவிடும். எதிர்மின் அயனிகளையும் அவற்றால் பரிமாற இயலாது. இந்த இரு குறைகளையும் நீக்கியவர்கள் இங்கிலாந்தின் டெடிங்டன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆடம்ஸ், ஹோம்ஸ் ஆகிய இருவர். 1935-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், பீனால் வகைப் பொருள்களோடு ஃபார்மால்டிஹைடைச் சேர்த்துச் செய்த பிசின்கள் நேர்மின் அயனிகளையும், அமீன் வகைப் பொருள்களிலிருந்து செய்த பிசின்கள் எதிர்மின் அயனிகளையும் பரிமாறும் என்று காட்டினர். இரண்டு பிசின்களையும் அடுத்தடுத்து வைத்தால், முதலாவது உப்பின் நேர்மின் அயனியை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியைத் தரும். இரண்டாவது எதிர்மின் அயனியை எடுத்துக்கொண்டு ஹைட்ராக்சைடைத் தரும். இவ்விரண்டும் சேர்ந்தால் தண்ணீர். காய்ச்சி வடிக்காமலே உப்பற்ற நீர் கிடைத்தது.

1940-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த டி'அலீலியோ, பாலிஸ்டைரீன் பிசினில் சல்போனிக் அமிலத் தொகுதிகளைப் பிணைத்தார். பழைய பிசின்களைவிட இது உறுதியானது, மின்சுமை இடங்களும் ஒழுங்காக அமைந்தவை. இன்றைய நீர் மென்மையாக்கிகளில் உள்ள மணிகள் இந்த வகையைச் சேர்ந்தவையே.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் இத்தகைய பிசின்களுக்கு எதிர்பாராத வேலை கிடைத்தது. யுரேனியம் பிளவுறும்போது அருமண் தனிமங்கள் பல உண்டாகின்றன. அவை வேதியியல் பண்பில் ஒன்றுபோலவே இருப்பதால் பிரிப்பது மிகக் கடினம். முன்பு சார்லஸ் ஜேம்ஸ் என்பவர் தூய தூலியத்தைப் பெற ஏறத்தாழ 15,000 முறை படிகமாக்க வேண்டியிருந்தது என்பர். பிசின் நிரப்பிய குழாயில் செலுத்தினால் ஒவ்வொரு தனிமமும் சற்று வேறுபட்ட வேகத்தில் இறங்கித் தனித்தனியே வெளிவந்தது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் மரின்ஸ்கி, கிளெண்டனின், கோரியல் ஆகியோர் 61-ஆவது தனிமமான புரோமித்தியத்தை 1945-இல் அடையாளம் கண்டது இந்த முறையில்தான். பத்தாண்டுகளுக்குப் பின் 1955-இல் பெர்க்லியில் 101-ஆவது தனிமமான மெண்டலீவியம் கண்டறியப்பட்டபோது, முதற்கட்டச் சோதனைகளில் கிடைத்தவை 17 அணுக்கள் மட்டுமே. அவற்றையும் பிசின் குழாய்தான் பிரித்துக் காட்டியது.

தவளை இதயமும் குழாய் நீரும்

உடலுக்குள் அயனிகள் செய்யும் வேலை பற்றிய ஆய்வு வேறொரு வழியில் தொடங்கியது. லண்டன் மருத்துவரான சிட்னி ரிங்கர் 1880-களின் தொடக்கத்தில், உடலிலிருந்து எடுத்த தவளை இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்கச் செய்துவந்தார். சோடியம் குளோரைடு கரைந்த நீரே போதும் என்று முதலில் எண்ணினார். பின்னர், தம் கரைசல்கள் காய்ச்சி வடித்த நீரில் தயாரானவை அல்ல, லண்டனின் குழாய் நீரில் தயாரானவை என்று தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் புதிதாகக் கரைசல் செய்தபோது இதயத் துடிப்பு விரைவில் தளர்ந்து நின்றது. குழாய் நீரிலிருந்த சிறிதளவு கால்சியமே இதயத்தை இயக்கியிருந்தது. இதை ரிங்கர் மறைக்காமல் 1883-இல் வெளியிட்டார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் குறிப்பிட்ட அளவில் கலந்த அவருடைய கரைசல் பின்னர் மருத்துவமனைக்கு வந்தது. இன்று நோயாளிகளுக்கு ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட்டு அதன் வழிவந்தது.

அயனிகள் தேவை என்பது தெளிவாயிற்று. அவை செல்லின் உள்ளும் புறமும் ஏன் சமமாகப் பரவியிருக்கவில்லை என்பது அடுத்த புதிர். ஒரு தசைச் செல்லின் உள்ளே பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லி மோல், வெளியே 4. சோடியமோ வெளியே 140, உள்ளே 10 அல்லது 15. மண்ணிலும் பிசினிலும் பரிமாற்றம் சமநிலை வந்ததும் நின்றுவிடும். செல்லில் இந்த ஏற்றத்தாழ்வு வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது.

இதற்கு ஒரு விடை 1911-இல் ஃபிரடெரிக் டானன் என்பவரிடமிருந்து வந்தது. இவர் 1870-இல் கொழும்பில் பிறந்த ஐரிய மரபினர். சவ்வின் ஒரு பக்கத்தில், சவ்வைக் கடக்க முடியாத பெரிய மின்சுமைத் துகள் ஒன்று இருந்தால், கடக்கக்கூடிய சிறிய அயனிகளும் இரு பக்கமும் சமமாகப் பரவ முடியாது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். செல்லின் உள்ளே புரதங்கள் இத்தகைய பெரிய துகள்களே. இவ்வகையில் செல்லும் களிமண் ஏட்டைப் போன்றது: நகராத எதிர் மின்சுமை, அதைச் சுற்றி நகரும் நேர்மின் அயனிகள்.

ஆனால் டானன் விதி செல்லின் நிலையை ஓரளவே விளக்கியது. சோடியமும் பொட்டாசியமும் இரண்டுமே ஒரே மின்சுமை கொண்டவை. ஒன்று உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் குவிவதற்கு அந்த விதியில் காரணம் இல்லை. சவ்வு பொட்டாசியத்தை மட்டும் விடும், சோடியத்தை விடவே விடாது என்று கொண்டால் கணக்குச் சரியாகும். 1902-இல் ஜூலியஸ் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த சவ்வுக் கொள்கையும் அமைதி நிலையில் சவ்வு பொட்டாசியத்தை மட்டும் விடுவதாகவே கொண்டிருந்தது. அதே ஆண்டில் எர்னஸ்ட் ஓவர்டன், சோடியம் இல்லாத சர்க்கரைக் கரைசலில் தவளைத் தசை சுருங்காது என்று கண்டார். தசை இயங்கும் ஒவ்வொரு முறையும் சோடியமும் பொட்டாசியமும் இடம் மாறுமென்றால், எழுபது ஆண்டுகள் ஓயாது துடித்த மனித இதயத்தில் இவ்விரண்டும் கலந்து சமமாகியிருக்க வேண்டுமே என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அதற்கு அன்று விடை இல்லை.

சுவரா, பம்பா?

சவ்வு சோடியத்துக்கு மூடிய சுவர் என்ற கருத்தை 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த சோதனைகள் உடைத்தன. பொட்டாசியம் இல்லாத உணவு கொடுக்கப்பட்ட எலிகளின் தசையில் சோடியம் புகுந்திருப்பதை லியோன் ஹெப்பல் கண்டார். கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு செய்த சோதனைகளும் அது சவ்வைக் கடப்பதைக் காட்டின. 1941-இல் ஆர். பி. டீன் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். சோடியம் உள்ளே கசிகிறது, ஆனாலும் உள்ளே குறைவாகவே இருக்கிறது. அப்படியானால் ஆற்றலைச் செலவழித்து அதை வெளியே இறைக்கும் பம்பு ஒன்று இருந்தாக வேண்டும்.

போர்க்காலத்து இரத்த வங்கிகளும் இதற்குச் சான்று தந்தன. குளிரில் வைத்த இரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் மெல்ல வெளியே கசிந்தது. அதே இரத்தத்தை உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து குளுக்கோஸ் கொடுத்தால் பொட்டாசியம் மீண்டும் உள்ளே சென்றது. உணவும் வெப்பமும் கிடைத்தால் மட்டுமே நடக்கும் இந்த வேலை வெறும் வடிகட்டலாக இருக்க முடியாது. 1951-இல் டென்மார்க்கின் ஹான்ஸ் உசிங், தவளைத் தோலின் வழியே பாயும் மின்னோட்டமும் அதைக் கடக்கும் நிகரச் சோடியத்தின் அளவும் ஒன்றுக்கொன்று சமம் என்று அளந்து காட்டினார்.

இங்கிலாந்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இருவரும் கணவாயின் பெருநரம்பை ஆராய்ந்து, நரம்புத் துடிப்பு என்பது சோடியம் உள்ளே பாய்வதும் தொடர்ந்து பொட்டாசியம் வெளியே பாய்வதும்தான் என்று 1952-இல் நிறுவினர். ஒவ்வொரு துடிப்புக்கும் சிறிது சோடியம் உள்ளே தங்கும். அதைத் திரும்ப வெளியேற்றுவது யார்? 1955-இல் ஹாட்ஜ்கினும் ரிச்சர்ட் கீன்ஸும், செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கும் நஞ்சைக் கொடுத்தால் சோடியம் வெளியேற்றம் நின்றுபோவதைக் கண்டனர். வெளியே பொட்டாசியம் இல்லாவிட்டாலும் சோடியம் வெளியேறுவது குறைந்தது. இதுவும் ஒரு பரிமாற்றமே என்பது உறுதியாயிற்று. பரிமாறும் பொருள் எது என்பது மட்டும் தெரியவில்லை.

ஆர்ஹூஸ் நண்டுகள்

அந்தப் பொருளைக் கண்டவர் அதைத் தேடிச் சென்றவரல்லர். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கோ, அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற மருத்துவர். மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் நரம்புச் சவ்வில் எப்படி வேலை செய்கின்றன என்பதே அவருடைய ஆய்வு. சவ்வில் பதிந்துள்ள ஒரு நொதி அவருக்குத் தேவைப்பட்டது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் சிதைக்கும் நொதி ஒன்று நரம்புச் சவ்வில் உண்டு என்று அறிந்து அதை எடுத்துக்கொண்டார். பெரிய கணவாய்கள் அங்கு கிடைக்காததால் கடற்கரை நண்டுகளின் கால் நரம்புகளைப் பயன்படுத்தினார்.

நொதிக்கு மக்னீசியம் வேண்டும் என்பது எதிர்பார்த்ததே. சோடியத்தைச் சேர்த்தபோது வேகம் சற்றுக் கூடியது. சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இருந்தபோது பெருமளவு கூடியது. நொதி இரண்டையும் ஒருங்கே கேட்டது. சவ்வில் இருந்து, ஏ.டி.பி.யைச் செலவழித்து, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தேடும் நொதி, பதினைந்து ஆண்டுகளாகப் பலர் ஊகித்துவந்த பம்பாகவே இருக்க வேண்டும் என்று ஸ்கோ உணர்ந்தார். 1957-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் பம்பு என்ற சொல் இல்லை. புற நரம்புகளில் உள்ள ஒரு நொதியின் மீது சில நேர்மின் அயனிகளின் தாக்கம் என்ற அளவில் அது அடங்கியிருந்தது.

1958-இல் வியன்னாவில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் ஸ்கோ அமெரிக்கரான ராபர்ட் போஸ்டைச் சந்தித்தார். சிவப்பணுக்களில் மூன்று சோடியம் வெளியேற இரண்டு பொட்டாசியம் உள்ளே வருகிறது என்று போஸ்ட் அளந்திருந்தார். இதய நோய்க்குத் தரப்படும் சில தாவர மருந்துகள் இந்தப் பரிமாற்றத்தை நிறுத்துகின்றன என்பது சுவிட்சர்லாந்தின் ஷாட்ஸ்மன் 1953-இல் கண்டறிந்தது. அந்த வகையைச் சேர்ந்த ஔவபெயின் உங்கள் நொதியையும் நிறுத்துகிறதா என்று போஸ்ட் கேட்டார். ஸ்கோ அதைச் சோதித்திருக்கவில்லை. அங்கிருந்தே தம் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிச் சோதிக்கச் செய்தார். நொதி நின்றுபோனது. நண்டின் நொதியும் மனித இரத்தத்தின் பம்பும் ஒன்றே என்பதற்கு இது வலுவான சான்று.

ஸ்கோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1997-இல், கட்டுரை வெளிவந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின். பம்பின் முப்பரிமாண அமைப்பு 2007-இல் வெளியானது. அந்த ஆய்வும் ஆர்ஹூஸிலேயே நடந்தது.

பரிமாற்றம் மருந்தான வழிகள்

சோடியம் பம்பு பற்றிய அறிவு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. அதன் மிகப் பெரிய பயன் வயிற்றுப்போக்கு மருத்துவத்தில் கிடைத்தது. காலராவில் இறப்பது நீரும் உப்பும் வெளியேறுவதால்தான். வெறும் உப்பு நீரைக் குடித்தால் குடல் அதை ஏற்பதில்லை. 1960-இல் பிராகா நகரில் நடந்த கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன், குடல் செல்களில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றாகச் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். பம்பு ஓயாமல் சோடியத்தை வெளியேற்றுவதால் செல்லின் உள்ளே சோடியம் குறைவாக இருக்கிறது. அதனால் குடலிலுள்ள சோடியம் உள்ளே பாய்கிறது, குளுக்கோசையும் அழைத்துக்கொண்டு போகிறது, பின்னால் நீரும் செல்கிறது. காலரா நோயிலும் இந்த வழி கெடுவதில்லை.

1960-களின் இறுதியில் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. 1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த பொங்காவ் முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்கு உப்பு நீர்ப் புட்டிகள் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, அவருடைய மேற்பார்வையில் இருந்த நோயாளிகளிடம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட்டு 2.9 கிராம் உள்ளன. அயனிக் கணக்கில் சோடியம் 75, பொட்டாசியம் 20 மில்லி மோல்: நேர் மின்சுமை 95. குளோரைடு 65, சிட்ரேட்டு 10. சிட்ரேட்டுக்கு மூன்று மின்சுமை என்பதால் எதிர் மின்சுமையும் 95. வே 1850-இல் கண்ட சமக் கணக்கை இந்தப் பொட்டலத்திலும் காணலாம்.

இதய மருந்தின் கதையும் இதனோடு சேர்கிறது. டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் இலை இதய நோயால் வரும் வீக்கத்தைக் குறைக்கும் என்று வில்லியம் விதரிங் 1785-இல் எழுதினார். ஏன் என்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் விளங்கவில்லை. இந்த மருந்து சோடியம் பம்பைச் சற்றுத் தடுக்கிறது. உள்ளே சோடியம் கூடுகிறது. சோடியத்தை உள்ளே விட்டுக் கால்சியத்தை வெளியேற்றும் மற்றொரு பரிமாற்றி இதயச் செல்களில் உண்டு. 1960-களின் இறுதியில் கண்டறியப்பட்ட அதன் வேலை இதனால் குறைகிறது. கால்சியம் உள்ளே தங்குகிறது, இதயம் வலுவாகச் சுருங்குகிறது. ரிங்கரின் குழாய் நீரில் ஒளிந்திருந்த அதே கால்சியம்தான் இது. அளவு மிஞ்சினால் பம்பு பெரிதும் நின்று உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், இந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுப்பார்கள்.

நீரை மென்மையாக்கிய பிசினும் உடலுக்குள் வந்தது. சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். சோடியம் ஏற்றிய பாலிஸ்டைரீன் சல்போனேட்டுப் பிசினை உட்கொண்டால் அது குடலில் சோடியத்தைக் கொடுத்துப் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. 1958-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, டி'அலீலியோ செய்த பிசின் வகையைச் சேர்ந்ததே.

மண்ணுக்கும் செல்லுக்கும் உள்ள வேறுபாடு

மின்சுமைக் கணக்கு மண்ணிலும் செல்லிலும் ஒன்றே. வேறுபாடு ஆற்றலில் இருக்கிறது. களிமண்ணும் பிசினும் கரைசலோடு சமநிலை அடைந்ததும் ஓய்ந்துவிடுகின்றன. பிசினை மீட்க ஒருவர் உப்பு நீர் பாய்ச்ச வேண்டும். செல்லுக்கு அப்படி மீட்டுத்தர யாருமில்லை. அது தானே ஆற்றலைச் செலவழித்துச் சமநிலைக்கு வராமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே என்ற ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஏ.டி.பி. செலவாகிறது. ஓய்வாக இருக்கும் மனிதன் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இந்த ஒரு வேலைக்கே போகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மின்சுமை கூடுதலாக வெளியேறுகிறதே, சமக் கணக்கு என்னவாயிற்று என்று கேட்கலாம். அந்த ஒன்று, சவ்வில் வேறு வழிகளில் கசியும் அயனிகளால் ஈடாகிறது. எந்த நேரத்திலும் மிஞ்சி நிற்கும் மின்சுமை மிகச் சிறியது. சவ்வின் இரு பக்கமும் உள்ள அந்தச் சிறு வேறுபாடே நரம்பும் தசையும் இயங்க உதவும் மின்னழுத்தம்.

எழுபது ஆண்டுகள் துடித்த இதயத்தில் உப்புகள் ஏன் கலந்துவிடவில்லை என்ற ஓவர்டனின் கேள்விக்கு இதுவே விடை. அவை ஒவ்வொரு கணமும் கலந்துகொண்டுதான் இருக்கின்றன. பம்பு அவற்றை ஒவ்வொரு கணமும் பிரித்துவைக்கிறது. உயிர் போனபின் ஏ.டி.பி. தீர்ந்து, பம்பு நின்று, சோடியமும் பொட்டாசியமும் மெல்லச் சமமாகின்றன. அதன் பிறகு அந்த உடலும் மண்ணின் விதிக்கு மட்டுமே உட்பட்டது.